தளபாடங்களுடன் வாடகைக்கு

"சகல வசதிகளுடனும் தளபாடங்களுடனும் கூடிய வீடு நாள், வார, மாத வாடகைக்கு." ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் இந்த வரியைக் காணாதவர் நம்மில் எவரும் இருக்கமாட்டார். ஜூன் மாதம் பிறந்தால் இவ்வரிகள் பக்கத்தை நிறைத்துவிடும். வெள்ளவத்தை வீடென்றால் "லிப்ட், ஏசி, வாகனத் தரிப்பிடம்" என்று தொடரும். எங்கள் கொழும்பு 13 பக்கத்து வீடென்றால் "பஸ் தரிப்பிடத்துக்கு மிக அருகில்" என்று அடக்கமாக முடிந்துவிடும். அந்த ஒற்றை வரியில் சொல்லப்படாதவை எத்தனை என்பதை, ஜிந்துப்பிட்டியிலுள்ள எங்கள் வீட்டின் மேல்மாடியை இரண்டு தடவை வாடகைக்குக் கொடுத்த பிறகே நான் அறிந்துகொண்டேன். வீட்டைக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும், நாளை படிப்புக்கோ தொழிலுக்கோ வெளியூர் சென்று வீடு எடுக்கப்போகும் தோழியருக்கும் உதவுமென்று இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த இரண்டு மாதங்களில் மட்டும் ஏன் இவ்வளவு கிராக்கி? லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் பாடசாலைகள் மூடப்படுவது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அவர்கள் அதைச் "சமர்" என்கிறார்கள். கொழும்பில் சமர் என்று ஒன்று ஏது? நமக்கு வெயில் கொளுத்துவது மார்ச்சிலும் ஏப்ரலிலும். ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும். நமது முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறையோ நோன்பு மாதத்தோடு வருவது. ஆயினும் பிறநாட்டுப் பாடசாலை மணிக்கேற்பவே எங்கள் தெருவின் வாடகை ஏறி இறங்குகிறது. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவதும் இந்நாட்களில்தான். பழைய அயலைப் பார்க்க, கலியாணத்துக்கு நகை எடுக்க, வைத்தியரைக் காண என்று வருபவர்களுக்கு ஹோட்டல் கட்டுபடியாகாது. ஐந்தாறு பேர் சமைத்துச் சாப்பிட்டுத் தங்க ஒரு வீடு வேண்டும். கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கும் வீடு வேண்டும்.

எங்கள் வீடு அப்படிப்பட்டதென்று யாரும் அதுவரை நினைத்ததில்லை. ஜிந்துப்பிட்டிப் பக்கத்தின் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெருவுக்கு முகம் குறுகியது, உள்ளே நீளம் அதிகம். அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். நடுவில் வானம் தெரியும் சிறு முற்றம், அதன் ஓரமாக மரப்படிக்கட்டு. மேலே இரண்டு அறைகளும் தெருவைப் பார்த்த ஒரு பலகணியும். 2022இல் நாடு பட்ட பாட்டில் புறக்கோட்டையிலிருந்த வாப்பாவின் துணிக்கடை படுத்துவிட்டது. அடுத்த வருடம் ராத்தாவின் கணக்கியல் பாடநெறிக்கு இறுதித் தவணைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் ஒரு வருடப் படிப்பு வீண். தரகர் ஒருவர் வந்து, "மேல்மாடிக்கு ஒரு ஏசி மட்டும் போட்டுவிடுங்கள், இரண்டு மாதத்துக்கு ஆள் கொண்டுவருவது என் பொறுப்பு" என்றார். வாப்பா பாவித்த ஏசி ஒன்றை வாங்கிப் பூட்டினார். நாங்கள் ஐந்து பேரும் உம்மும்மாவும் கீழே இறங்கினோம். அப்போது நான் பதினொராம் தரம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனது மேசை மேலேயே நின்றுவிட்டது. "தளபாடங்களுடன்" என்ற சொல்லுக்குள் என் மேசையும் அடங்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வந்தவர்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். முற்பணம் கொடுத்தார்கள், வாடகையும் தவறவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. "நம்மட ஆட்கள்தானே, இதற்கெல்லாம் எதற்குக் கடதாசி?" என்றார் தரகர். மின்கட்டணம் பாதி பாதி என்று வாய்ப்பேச்சில் முடிந்தது. பாதி பாதி என்றதும் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

முதல் மாதப் பட்டியல் வந்தபோது வாப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். வழக்கமாக 110 அலகுகளைச் சுற்றி நிற்கும் எங்கள் பாவனை 345 அலகுகளாக இருந்தது. கட்டணம் 20,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு தடவையும் 2023 பெப்ரவரியில் மறு தடவையும் மின்கட்டணம் பெரிய அளவில் உயர்த்தப்பட்டிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதி பாதி என்றபடி 10,000 ரூபாவுக்கு மேல் நாங்கள் கட்டினோம். கீழே நாங்கள் பாவித்தது இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ஒரு குளிர்சாதனப் பெட்டி.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கை நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவுக்கு வந்த பிறகே சரியாக விளங்கிக்கொண்டேன். நமது நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு எல்லா அலகுக்கும் ஒரே விலை கிடையாது. மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஓர் அட்டவணை. 60ஐத் தாண்டினால் வேறு அட்டவணை. அதிலும் 90, 120, 180 என்று படிகள் உண்டு. 180க்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் ஆகக்கூடிய விலை. ஒரு டன் அளவான சாதாரண ஏசி ஓடும் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். இரவில் எட்டு மணித்தியாலம் என்றாலே மாதத்துக்கு 240 அலகு. தனியே எங்கள் பாவனை கீழ்ப்படிகளில் நின்றிருக்கும். மேல்மாடியும் ஒரே மின்மானியில் சேர்ந்ததால் வீடு முழுவதும் உச்சப்படிக்கு ஏறிவிட்டது. ஆகவே "பாதி" என்பது பாதியே அல்ல. எங்கள் பங்கைவிட மிக அதிகம்.

வாப்பா கேட்கவில்லை. பேசியது பேசியதுதான் என்றார்.

இரண்டாவது இழப்பு இதைவிடச் சிறியது, ஆனால் அதைப்பற்றி உம்மா இன்றும் பேசமாட்டார். மேல்மாடி மூலையில் உம்மாவின் தையல் இயந்திரம் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கீழே இடமில்லாததால் விட்டுவிட்டோம். கடை படுத்த நாட்களில் வீட்டுக்குச் சிறிதளவு வருமானம் தந்தது அதுதான். அவர்கள் போன பிறகு பார்த்தால் ஊசித் தண்டு வளைந்து, சக்கரம் சுழலாமல் இறுகிக் கிடந்தது. பிள்ளைகள் விளையாடியிருக்கலாம். முன்பே அப்படித்தான் இருந்ததென்று அவர்கள் சொன்னால் மறுக்க எங்களிடம் என்ன இருந்தது? கேட்டால் அவமானப்படுத்தியதாகிவிடும் என்று உம்மா வாயே திறக்கவில்லை. முற்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளுக்குத் தொதலும் கட்டிக் கொடுத்து அனுப்பினார். ராத்தாவின் தவணைப் பணம் கட்டப்பட்டது என்பது உண்மை. ஏசி, தரகுப் பணம், மின்சாரம், இயந்திரம் திருத்திய செலவு எல்லாவற்றையும் கழித்தால் இரண்டு மாதம் இடுக்குப்பட்டு உறங்கியதற்கு மிஞ்சியது அத்தவணைப் பணம் மட்டுமே.

கடதாசி பற்றி வீட்டில் பேச்சு வந்தபோது உம்மும்மா தன் பழைய பெட்டியைத் திறந்தார். அதில் பொலிஸ் முத்திரையிட்ட, மடிப்பில் கிழிந்த படிவங்கள் இருந்தன. யுத்த காலத்தில் கொழும்பில் வீட்டில் யார் தங்கினாலும் பெயர், சொந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. வடக்கிலிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் வைத்தியத்துக்காகவும் வந்தவர்களுக்கு உம்மும்மா ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்து வந்தாராம். அவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் "பொலிஸில் பதிந்து தருவீர்களா?" என்றே கேட்பார்களாம். பதிவுத் துண்டு இல்லாத இரவு அவர்களுக்கு உறக்கமில்லாத இரவு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முறையாக வாடகை கட்டித் தங்கியிருந்தவர்களும் அந்தப் பஸ்களில் இருந்தார்கள். கடதாசி எப்போதும் காப்பாற்றிவிடும் என்று உம்மும்மா சொல்லவில்லை. கடதாசி இல்லாதவருக்கு வாயும் இல்லாமல் போகும் என்பதை மட்டும் தான் கண்டதாகச் சொன்னார்.

அப்படியானால் எதை எழுத வேண்டும்? சட்டம் சொல்வதிலிருந்து தொடங்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவாயினும் நொத்தாரிஸ் முன் எழுதிக் கையொப்பமிட்டாலே செல்லும் என்பது அதன் விதி. ஒரு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் நொத்தாரிஸ் தேவையில்லை. கொழும்பில் இரண்டு மாதத்துக்கு வீடு கொடுப்பவர்களில் நொத்தாரிசிடம் போகிறவர்கள் மிகச் சிலரே. போகாவிட்டால் அந்த ஏற்பாடு குத்தகையாக நிற்பதில்லை. மாதாமாதம் வாடகை கொடுப்பவர் என்ற நிலையே மிஞ்சும். எங்கள் பகுதியின் பழைய வீட்டுச் சொந்தக்காரர்கள் அஞ்சுவது இந்த நிலைக்குத்தான். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலத்த பாதுகாப்பைக் கொடுத்தது. அதன் நிழலில், சொற்ப வாடகையோடு மூன்று தலைமுறையாக மாறாமல் இருக்கும் குடிகள் பற்றிய கதைகள் கொட்டாஞ்சேனையில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். சட்டம் பல தடவை திருத்தப்பட்டும், 2023இல் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கென்றே 1ஆம் இலக்கச் சட்டம் வந்தும், அந்தப் பயம் முற்றாக நீங்கவில்லை. வீட்டுக்காரர் பலர் "தளபாடங்களுடன், குறுகிய காலத்துக்கு மட்டும்" என்று விளம்பரம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சொந்தக் கட்டிலும் அலுமாரியும் இல்லாமல் வருபவர் நிரந்தரமாக ஊன்றிவிட மாட்டார் அல்லவா?

அப்பயத்தை மட்டும் பேசுவது ஒருதலைப்பட்சம். வாடகைக்கு வருபவருக்கும் பயமுண்டு. இரண்டு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டிவிட்டுப் பத்தாம் நாள் "உறவினர் வருகிறார், காலி பண்ணுங்கள்" என்று கேட்ட வீட்டுக்காரரையும் எங்கள் அயலில் கண்டிருக்கிறோம்.

2024 ஆகஸ்டில் மேல்மாடிக்கு வந்த ரொறொன்ரோ அன்ட்டிதான் எனக்கு இதையெல்லாம் கற்றுத்தந்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். வளர்ந்ததே ஜிந்துப்பிட்டியில், எங்கள் வீட்டைப் போன்ற ஒரு மாடியில், வாடகைக்கு. தங்கையோடு ஒரு மாதமும் பத்து நாட்களும் தங்க வந்தார். வந்த அன்று தேநீர் குடிக்கும் முன்பே, "பிள்ளை, ஒரு கொப்பி கொண்டு வாரும், சாமானெல்லாம் எழுதுவம்" என்றார். உம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களைச் சந்தேகிக்கிறாரா, தன்னைச் சந்தேகிக்கச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை. அன்ட்டி அதைக் கவனித்திருக்க வேண்டும். "83 ஜூலையிலை நாங்கள் உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டு, அகதி முகாமிலை இருந்து கப்பலிலை காங்கேசன்துறைக்குப் போனனாங்கள். வீட்டிலை என்ன என்ன விட்டிட்டுப் போனமெண்டு ஒருத்தர் கேட்டிருந்தாலும் சொல்ல ஒரு துண்டு எழுத்து இல்லை. இப்ப எனக்கே முழுக்க ஞாபகம் இல்லை" என்றார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

ஒவ்வோர் அறையாகப் போனோம். "கட்டில் 2" என்று எழுதினால் போதாது என்றார். "தேக்குக் கட்டில் 1, இடக்காலில் வெடிப்பு, இரும்புக் கட்டில் 1, நல்ல நிலை" என்று எழுத வேண்டும். ஏற்கெனவே உள்ள குறையை எழுதுவது வந்தவரைக் காக்கும். நல்ல நிலை என்று எழுதுவது வீட்டுக்காரரைக் காக்கும். அலுமாரிக் கண்ணாடியின் மூலையில் இருந்த கீறலை நாங்களே அன்றுதான் கண்டோம். மெத்தை, தலையணை, நுளம்பு வலை, கேஸ் சிலிண்டர் முக்கால்வாசி நிறைவு, பீங்கான் கோப்பை 6, சாவி 3 என்று நான்கு பக்கம் நீண்டது. கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அன்றே இரு பக்கத்துக்கும் அனுப்பினேன். சமையல் பாத்திரத்தில் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. அவர்கள் வெள்ளியில் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள். அதைக் கேட்டதும் உம்மா புதிதாக இரண்டு சட்டி வாங்கிவந்து, "இதில் நாங்கள் ஒன்றும் சமைத்ததில்லை" என்று கையில் கொடுத்தார். வீட்டில் மது கூடாது என்ற எங்கள் நிபந்தனையையும் அன்ட்டியே பட்டியலின் அடியில் எழுதச் சொன்னார். வாயால் சொல்லக் கூச்சமானவை எழுத்தில் எளிதாக இறங்கிவிடுகின்றன.

தையல் இயந்திரம் பட்டியலில் இல்லை. அது அவர்கள் வருமுன்பே கீழே வந்துவிட்டது. வாடகைக்கு விடாத பொருளை வாடகை அறையில் விடக்கூடாது என்பது நாங்கள் காசு கொடுத்துப் படித்த பாடம்.

மின்சாரத்துக்கு இம்முறை வாப்பா மேல்மாடிக்கென்று ஒரு சிறிய துணை மின்மானி பூட்டியிருந்தார். அதன் இலக்கத்தை வந்த அன்று படம் எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகும் தகராறுக்கு இடமிருந்ததென்றால் நம்புவீர்களா? மொத்தம் 300 அலகு, அதில் மேலே 215, கீழே 85 என்று வைப்போம். பட்டியல் தொகையை அலகின்படி பங்கிட்டால், உச்சப்படி விலையின் ஒரு பகுதி எங்கள் தலையிலும் விழும். "நாங்கள் மட்டும் 85 அலகு பாவித்திருந்தால் எவ்வளவோ அதை நாங்கள் கட்டுகிறோம், மீதி உங்களுடையது" என்றால் கீழ்ப்படிச் சலுகை முழுவதும் எங்களுக்கே வந்துவிடும். அவருக்குத் தனி மின்மானி இருந்திருந்தால் அச்சலுகை அவருக்கும் கிடைத்திருக்குமே! நானும் அன்ட்டியும் ஒரு மாலை முழுவதும் பலகணியில் இருந்து இதை விவாதித்தோம். இரண்டாவது முறை என்றும், அதற்கு ஈடாக வாடகையில் சிறு தொகை குறைப்பதென்றும் முடிவாயிற்று. எந்த முறை என்பது பெரிதல்ல. பட்டியல் வரும் முன்பு, முதல் நாளே முடிவாகிவிட வேண்டும் என்பதே பெரிது. தண்ணீர்க் கட்டணமும் இதேபோல் படிப்படியாக ஏறுவதுதான், ஆனால் நான்கைந்து வாரத்துக்கு அது பெரிய தொகையாவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரு தரப்பும் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டுப் பிரதியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். வீட்டைக் காட்டுபவர் வீட்டின் சொந்தக்காரர்தானா என்று வாடகைக்கு எடுப்பவர் வரிப்பணப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வெளிநாட்டிலிருந்தவாறே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு வந்திறங்கினால், அந்த முகவரியில் வேறொரு குடும்பம் இருக்கும் என்ற கதைகள் பொய்யல்ல. வந்தவர் வெளியேறும் திகதி, நேரத்தோடு எழுதப்பட வேண்டும். முற்பணம் எதற்கு, என்ன நடந்தால் கழிக்கப்படும், எப்போது திரும்பும் என்பதும் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை கொடுப்பதோடு நில்லாமல் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தொடர்ந்து கொடுப்பதானால், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வாடகை வீடு அல்லது விருந்தினர் தங்கும் இல்லம் என்ற பிரிவில் பதிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் அதை அறியார்.

அன்ட்டிக்கு ஒரு மாதமும் பத்து நாட்களும் என்றேனல்லவா? ஒரு மாதத்தைத் தாண்டுவதால் நொத்தாரிசிடம் போவதா என்று வாப்பா கேட்டார். புதுச்செட்டித்தெருவில் தெரிந்த நொத்தாரிஸ் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் எழுதி முடித்தார். செலவைப் பாதி பாதியாகப் பிரித்தோம். இந்தப் பாதி உண்மையான பாதி.

புறப்படும் நாள் காலையில் அதே நான்கு பக்கங்களோடு மறுபடி அறை அறையாகப் போனோம். உம்மா இம்முறை படிக்கட்டடியில் நிற்காமல் கூடவே வந்தார். கட்டில் சரி, அலுமாரி சரி, நுளம்பு வலையில் ஒரு சிறு கிழிசல், கோப்பை 6இல் 5. கோப்பைக்கும் வலைக்கும் அன்ட்டி தானே ஒரு தொகை சொன்னார், உம்மா அதில் பாதி போதும் என்றார், அன்ட்டி விடவில்லை. துணை மின்மானி இலக்கத்தை நான் வாசிக்க, வாப்பா எழுதினார். அம்மாதப் பட்டியல் வருவது அவர் போன பிறகு என்பதால், உத்தேசக் கணக்குப் போட்டு அத்தொகையை முற்பணத்தில் வைத்துக்கொண்டோம். மிச்சத்தை வாப்பா எண்ணிக் கொடுக்க, அன்ட்டி மறுபடி எண்ணிக் கைப்பையில் வைத்தார். பத்து நாளின் பின் உண்மையான பட்டியல் வந்தது. உத்தேசத்தைவிட 640 ரூபா குறைவு. கோப்பையையும் வலையையும் மிஞ்சிய அந்த 640 ரூபாவையும் எழுதி, பட்டியலின் படத்தோடு நான் அனுப்பிய செய்திக்கு அவர் அனுப்பிய பதில்: "அடுத்த வருஷ வாடகையிலை கழியும் பிள்ளை. எழுதி வையும்."

கொப்பியின் ஐந்தாம் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.